மூலநிரல் தொலைந்த சிப்பை வாசிப்பது எப்படி: கட்டளைவரி டிஸ்அசெம்ப்ளர், தொடக்கநிலை விளக்கம்

வன்னியில் கச்சானும் மிளகாயும் செய்யும் மேட்டுக்காணிகளில், கிணற்று மோட்டரைத் தானாகப் போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டிகளைக் காணலாம். உள்ளே ஒரு ரிலே, ஒரு டிரான்சிஸ்டர், 28 கால் கொண்ட ஏடிமெகா328பி சிப் ஒன்று. மாரியில் கிணறு நிறைந்திருக்கும்போது பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். சிறுபோகம் முடிகிற ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் கீழே இறங்கியதும் சிக்கல் தொடங்கும். குழாயில் தண்ணீர் ஏறி வரக் கூடுதல் நேரம் எடுக்கும். பெட்டியோ "தண்ணீர் வரவில்லை" என்று முடிவெடுத்து மோட்டரை நிறுத்திவிடும். காத்திருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கினால் போதும். ஆனால் பெட்டியைச் செய்தவர் ஊரில் இல்லை, மூலநிரலும் இல்லை. கையில் இருப்பது சிப் மட்டும்.

இப்படியான இடத்தில் உதவும் கருவிதான் டிஸ்அசெம்ப்ளர். அறிவியல்நகரில் பொறியியல் படிப்பவர்களுக்கும், வவுனியாவில் தொழினுட்பம் படிப்பவர்களுக்கும், உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் எடுத்து ஆர்டுயினோவுடன் பழகியவர்களுக்கும் இது எட்டாத விஷயம் அல்ல. அசெம்ப்ளி மொழி முழுவதும் தெரிந்திருக்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கட்டளைகளை அடையாளம் காணத் தெரிந்தால் தொடங்கலாம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். பேரெழுத்து வேண்டிய இடத்தில் தனியே சொல்லியிருக்கிறோம். பதினறும எண்களில் பத்து முதல் பதினைந்து வரையான இலக்கங்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப்.

எது மிஞ்சுகிறது, எது போய்விடுகிறது

நீங்கள் சி மொழியில் எழுதியதைக் கம்பைலர் வெறும் எண்களாக மாற்றுகிறது. சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏறுவது அந்த எண்கள் மட்டுமே. மாறிகளின் பெயர், செயற்கூற்றின் பெயர், நீங்கள் எழுதிய குறிப்புகள் எதுவும் சிப்புக்குள் போவதில்லை. டிஸ்அசெம்ப்ளர் அந்த எண்களைத் திரும்பக் கட்டளைகளாக எழுதித் தருகிறது. சி நிரலாக அது மாற்றித் தராது. "மோட்டர்_காத்திருப்பு" என்று நீங்கள் வைத்த பெயர் திரும்பி வராது. "ஆர்25 என்ற ரெஜிஸ்டரில் 97ஐப் போடு" என்பதுதான் வரும். ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் சின்ன இடம்.

அந்த 97 எதற்கு என்பதைப் பட்டியல் சொல்லாது. அதைச் சொல்பவை இரண்டு: சிப்பின் தரவுத்தாள், உங்கள் கையில் இருக்கும் சுற்றுப் பலகை. ரிலே எந்தக் காலில் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தவருக்கு இரண்டாயிரம் வரிப் பட்டியலில் இருபது வரி போதும். அது தெரியாமல் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குபவர் நூறாவது வரியில் களைத்துப்போவார். ஆகவே கணினியைத் திறக்கும் முன் மல்ட்டிமீட்டரை எடுங்கள். எந்தக் கால் எங்கே போகிறது என்று ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள்.

கருவிகள்

ஏடிமெகா328பி, ஏவிஆர் என்ற சிப் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் கருவிகளின் பெயரிலும் அது வரும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் நான்கு பொதிகளை நிறுவ வேண்டும்: பின்யூட்டில்ஸ்-ஏவிஆர், ஜிசிசி-ஏவிஆர், ஏவிஆர்-லிப்சி, ஏவிஆர்டியூட். விண்டோஸில் ஆர்டுயினோ ஐடிஇ நிறுவியிருந்தால் எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும். உங்கள் பயனர் கோப்புறையின் ஆப்டேட்டா, லோக்கல், ஆர்டுயினோ15, பேக்கேஜஸ், ஆர்டுயினோ என்று உள்ளே போய், டூல்ஸ் கோப்புறையில் ஏவிஆர்-ஜிசிசியைத் தேடினால், அதற்குள் 'பின்' (பி-ஐ-என்) என்ற பெயருள்ள கோப்புறையில் ஏவிஆர்-ஒப்ஜ்டம்ப் இருக்கும். அதுதான் நமது டிஸ்அசெம்ப்ளர்.

சிப்பிலிருந்து வாசிக்க யூஎஸ்பிஏஎஸ்பி என்ற மலிவான புரோகிராமர் ஒன்று தேவை.

முதலில் உங்கள் சொந்த நிரலில் பழகுங்கள்

அறியாத சிப்பை முதலிலேயே எடுக்காதீர்கள். எல்இடி ஒன்றை ஒரு செக்கன் ஏற்றி ஒரு செக்கன் அணைக்கும் நிரலை ஆர்டுயினோ நூலகம் இல்லாமல் வெறும் சியில் எழுதி, 16 மெகாஹெர்ட்ஸ் என்று குறித்து, -ஓஎஸ் (ஓ மட்டும் பேரெழுத்து) என்ற சுருக்கும் தெரிவோடு கம்பைல் செய்யுங்கள். கம்பைலர் தரும் எல்ஃப் என்ற வகைக் கோப்பில் பெயர்கள் இன்னும் இருக்கும். அதனால் பழக அதுவே சிறந்தது.

ஏவிஆர்-ஒப்ஜ்டம்ப் -டி பிளிங்க்.எல்ஃப் > பட்டியல்.டெக்ஸ்ட்

கடைசியில் உள்ள அம்புக்குறி, வருவதைத் திரையில் ஓடவிடாமல் கோப்பில் சேமிக்கிறது. கம்பைல் செய்யும்போது -ஜி சேர்த்திருந்தால், சின்ன டிக்குப் பதிலாகப் பேரெழுத்து எஸ் கொடுத்துப் பாருங்கள். உங்கள் சி வரிகளும் அவற்றுக்குரிய கட்டளைகளும் மாறி மாறி வரும். ஆர்டுயினோ ஐடிஇ 2 பயன்படுத்துபவர்கள் ஸ்கெட்ச் மெனுவில் 'எக்ஸ்போர்ட் கம்பைல்ட் பைனரி' கொடுத்தால் பில்ட் கோப்புறைக்குள் எல்ஃப் கோப்பு வந்துவிடும்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாக முகவரி, அந்த இடத்திலுள்ள பைட்கள், கட்டளையின் பெயர், அது எவற்றின் மீது வேலை செய்கிறது என்பது, அரைப்புள்ளிக்குப் பின் ஒரு குறிப்பு என்று இருக்கும். குறிப்பில் பதினறும எண்ணின் தசமப் பெறுமானத்தையோ தாவும் முகவரியையோ ஒப்ஜ்டம்ப் எழுதித் தரும். ஏவிஆரில் பெரும்பாலான கட்டளைகள் இரண்டு பைட், சில நான்கு பைட். பைட்கள் பின்னது முன்னாக அடுக்கப்பட்டிருக்கும் என்பதை இப்போதே மனதில் பதியுங்கள். பட்டியலில் "90 இ3" என்று தெரிவது உண்மையில் இ390 என்ற ஒரே எண்.

அந்த ஒரு செக்கன் எங்கே இருக்கிறது என்று தேடினால் இப்படி ஒரு துண்டு கிடைக்கும் (முகவரியை விட்டு, எல்டிஐயின் எண்களைத் தசமத்தில் எழுதியிருக்கிறோம்):

2எஃப் இஎஃப்   எல்டிஐ ஆர்18, 255
83 இடி   எல்டிஐ ஆர்24, 211
90 இ3   எல்டிஐ ஆர்25, 48
21 50   எஸ்யூபிஐ ஆர்18, 1
80 40   எஸ்பிசிஐ ஆர்24, 0
90 40   எஸ்பிசிஐ ஆர்25, 0
இ1 எஃப்7   பிஆர்என்இ .-8
00 சி0   ஆர்ஜேஎம்பி .+0
00 00   என்ஓபி

எல்டிஐ என்பது ஒரு ரெஜிஸ்டரில் ஓர் எண்ணைப் போடுவது. மூன்று ரெஜிஸ்டர்களும் சேர்ந்து 24 பிட் எண் ஒன்றைத் தாங்குகின்றன. ஆர்25 உயர்ந்த பகுதி, ஆர்18 தாழ்ந்த பகுதி. 48ஐ 65536ஆல் பெருக்கினால் 3145728. 211ஐ 256ஆல் பெருக்கினால் 54016. இரண்டோடும் 255ஐக் கூட்டினால் 3199999. அடுத்த மூன்று கட்டளைகள் அந்த எண்ணில் ஒன்றைக் கழிக்கின்றன. எஸ்பிசிஐ கடன் வாங்கிக் கழிப்பது. பிஆர்என்இ பூச்சியம் ஆகாதவரை எட்டு பைட் பின்னால் தாவுகிறது.

ஒரு சுற்றுக்கு எத்தனை கடிகாரத் துடிப்பு? கழித்தல் மூன்றும் ஒவ்வொன்று, தாவல் இரண்டு, மொத்தம் 5. 3199999ஐ 5ஆல் பெருக்கினால் 15999995. கடைசிச் சுற்றில் தாவாததால் ஒன்று குறையும். தொடக்கத்து மூன்று எல்டிஐக்கு 3. ஆர்ஜேஎம்பி .+0 எங்கும் போகாத தாவல், 2 துடிப்பு. என்ஓபி 1. கூட்டிப் பாருங்கள்: சரியாக 16000000. பதினாறு மெகாஹெர்ட்ஸில் ஒரு செக்கன், ஒரு துடிப்பும் பிசகாமல். "ஒன்றும் செய்யாத" அந்தக் கடைசி இரண்டு வரிகளும் கம்பைலர் மிச்சத்தை ஈடுகட்ட வைத்தவை. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவர் பிறகு எந்தப் பட்டியலிலும் காத்திருப்பு வளையத்தைக் கண்ட உடனே பிடிப்பார். இதில் நேரம் செலவழிப்பது வீண்போகாது.

ஆர்டுயினோவின் டிலே இப்படி இருக்காது. அது டைமரைப் பார்த்துக் காத்திருக்கும். அங்கே 1000 என்ற எண் ஆர்22இல் 232, ஆர்23இல் 3, ஆர்24, ஆர்25இல் பூச்சியம் என்று ஏறி, பிறகு செயற்கூற்றை அழைக்கும் கோல் என்ற கட்டளை வரும் (3 × 256 + 232 = 1000). 32 பிட் எண்ணை ஒரு செயற்கூற்றுக்குக் கொடுக்கும்போது ஆர்22 முதல் ஆர்25 வரையும், 16 பிட் எண்ணுக்கு ஆர்24, ஆர்25உம் பயன்படும். புதிய கம்பைலர்கள் சில வேளை அந்த எண்ணைச் செயற்கூற்றின் உள்ளேயே புதைத்துவிடும். அப்போது அழைக்கும் இடத்தில் தேடிக் காணமுடியாது.

சிப்பிலிருந்து வாசித்தல்: முதலில் மின்சாரம்

மலிவான மோட்டர்க் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபோமர் இருக்காது. ஒரு கொண்டென்சர் வழியாக 230 வோல்ட்டை நேரே இறக்கி 5 வோல்ட் எடுத்திருப்பார்கள். அந்தச் சுற்றுப் பலகையின் கிரவுண்ட் கம்பியே உயிருள்ள கம்பியாக இருக்கலாம். அதில் யூஎஸ்பி புரோகிராமரைப் பூட்டினால் மடிக்கணினியும் போகும், ஆளுக்கும் ஆபத்து. பலகை மின்சாரத்தில் இருக்கும்போது ஒருபோதும் பூட்டாதீர்கள். சிப் சொக்கட்டில் இருந்தால் கழற்றி எடுத்து, பிரெட்போர்டில் வைத்து, புரோகிராமரின் 5 வோல்ட்டில் மட்டும் வாசியுங்கள். பற்றாசு வைத்து ஒட்டியிருந்தால், பெட்டியை மெயின்ஸிலிருந்து முழுவதும் பிரித்து, கொண்டென்சர் இறங்கியதை மீட்டரில் உறுதிசெய்த பிறகுதான் கம்பி தொடலாம்.

28 கால் சிப்பில் கால்கள்: 1 ரீசெட், 7 மற்றும் 20 ஐந்து வோல்ட், 8 மற்றும் 22 கிரவுண்ட், 17 மோசி, 18 மிசோ, 19 எஸ்சிகே.

ஏவிஆர்டியூட் -சி யூஎஸ்பிஏஎஸ்பி -பி எம்328பி

இங்கே -பி, 'பார்ட்' என்பதன் முதலெழுத்து. இது சிப்பின் அடையாள எண்ணை மட்டும் கேட்கும். ஏடிமெகா328பி என்றால் 1இ 95 0எஃப் வரும். பி இல்லாத 328 என்றால் 1இ 95 14. பதில் வராவிட்டால் பொதுவான காரணங்கள் மூன்று: ரீசெட் கம்பி பிழை; சிப் வெளிக் கிறிஸ்டலை எதிர்பார்க்கிறது, ஆனால் பிரெட்போர்டில் கிறிஸ்டல் இல்லை; சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஆனால் புரோகிராமர் அதற்கு மிஞ்சிய வேகத்தில் பேசுகிறது. கடைசிக்கு, ஏ, பி, சியில் வரும் பியைப் பேரெழுத்தில் போட்டு -பி 10 என்று சேர்த்தால் வேகம் குறையும்.

அடையாளம் சரியென்றால்:

ஏவிஆர்டியூட் -சி யூஎஸ்பிஏஎஸ்பி -பி எம்328பி -யூ ஃபிளாஷ்:ஆர்:பம்ப்.ஹெக்ஸ்:ஐ

இங்கே யூ பேரெழுத்து. நடுவில் இருக்கும் ஆர் வாசி என்று பொருள். அந்த இடத்தில் டபிள்யூ அடித்தால் எழுதத் தொடங்கிவிடும், பழையது அழிந்துபோகும். மூலநிரல் இல்லாத சிப்பில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. ஆகவே என்டர் அழுத்துமுன் அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள். இதே முறையில், மின்சாரம் போனாலும் அழியாமல் தரவை வைத்திருக்கும் ஈப்ரொம் நினைவகத்தையும், கடிகாரம், பூட்டு போன்ற சிப்பின் அமைப்புகளைச் சொல்லும் எல்ஃபியூஸ், எச்ஃபியூஸ், ஈஃபியூஸ், லொக் என்ற நான்கையும் வாசித்து வையுங்கள். ஃபிளாஷை இரண்டு முறை வாசித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். தளர்ந்த கம்பி இருந்தால் வேறுபாடு காட்டிக்கொடுக்கும்.

வாசித்தது முழுவதும் எஃப்எஃப் என்றால் சிப் வெற்று. நிரலுக்குப் பதிலாக ஏறுவரிசையில் எண்கள் மட்டும் வந்தால் வாசிப்பதைத் தடுக்கும் லொக் பிட் போடப்பட்டிருக்கிறது. லொக்கை நீக்க ஒரே வழி சிப்பை முழுவதும் அழிப்பது, அதோடு நிரலும் போய்விடும். அங்கே நிறுத்திவிடுங்கள். மற்றவருடைய பெட்டியென்றால் உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டும் வாசியுங்கள்.

ஹெக்ஸ் கோப்பை ஒருமுறை கண்ணால் பாருங்கள்

ஹெக்ஸ் கோப்பு என்பது சிப்பின் பைட்களைப் பதினறும எண்களாக எழுதி வைத்த கோப்பு. ஆர்டுயினோ நிரல் ஒன்றின் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

:10 0000 00 0சி945சி00 0சி946இ00 0சி946இ00 0சி946இ00 சிஏ

இடைவெளி வாசிப்பதற்காக நாம் விட்டது, கோப்பில் இருக்காது. 10 என்பது தரவு பதினாறு பைட் என்று சொல்கிறது. 0000 தொடக்க முகவரி. 00 இது தரவு வரி என்பதற்கு. பிறகு தரவு. கடைசி சிஏ சரிபார்ப்பு எண். வரியிலுள்ள எல்லா பைட்களையும், அந்தச் சரிபார்ப்பு எண்ணோடு சேர்த்துக் கூட்டினால் கடைசி இரண்டு இலக்கமும் பூச்சியமாக வரவேண்டும். இதைப் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

பெயரில்லாத பட்டியலில் பிடி கிடைக்கும் இடங்கள்

ஏவிஆர்-ஒப்ஜ்டம்ப் -டி -எம் ஏவிஆர்5 பம்ப்.ஹெக்ஸ் > பம்ப்.டெக்ஸ்ட்

இங்கே டி பேரெழுத்து, "எல்லாவற்றையும் கட்டளையாக எண்ணிப் பிரி" என்று பொருள். ஹெக்ஸ் கோப்பில் சிப்பின் வகை எழுதப்பட்டிருக்காது. அதனால் -எம் கொடுக்காவிட்டால் கட்டமைப்புத் தெரியவில்லை என்று ஒப்ஜ்டம்ப் மறுத்துவிடும். ஏடிமெகா328பிக்கு ஏவிஆர்5, ஏடிமெகா8க்கு ஏவிஆர்4, ஏடிடைனி85க்கு ஏவிஆர்25, ஏடிமெகா2560க்கு ஏவிஆர்6.

முதல் பிடி, தொடக்கத்து அட்டவணை. இடையூறு (இன்டரப்ட்) என்பது நடக்கும் வேலையை இடைநிறுத்தி வேறொன்றைக் கவனிக்க வைக்கும் சைகை. 328பியில் 26 இடையூறுகளுக்கு நான்கு நான்கு பைட்டாக 104 பைட். முதலாவது, மின்சாரம் வந்ததும் எங்கே போவது என்பது. மேலே பார்த்த 0சி 94 5சி 00 என்பது ஜேஎம்பி கட்டளை. 5சி என்பது இரண்டு பைட் அலகில் எண்ணிய முகவரி, ஒப்ஜ்டம்ப் அதை இரட்டித்து பி8 என்று காட்டும். தரவுத்தாளில் உள்ள இடையூறு முகவரிகளும் இரண்டு பைட் அலகில்தான் இருக்கும். ஒப்பிடும்போது இரட்டிக்க மறந்தால் எல்லாம் பிழையாகத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பயன்படுத்தாத இடையூறுகள் எல்லாம் ஒரே முகவரிக்குத் தாவும். வேறொரு முகவரிக்குப் போகிறதே என்று தனித்துத் தெரிவதைக் குறித்துக்கொள்ளுங்கள். 40இல் தனித்து நின்றால் டைமர்0 நிரம்பல், ஆர்டுயினோவில் எழுதியது என்பதற்கு நல்ல அறிகுறி. 04 அல்லது 08 என்றால் வெளிக் கால் ஒன்றின் மாற்றத்தை நிரல் கவனிக்கிறது.

இரண்டாவது பிடி, தொடக்கக் குறியீடு. ஜேஎம்பி போன இடத்தில் ஈஓஆர் ஆர்1, ஆர்1 என்று ஆர்1ஐப் பூச்சியமாக்குவதைக் காண்பீர்கள். அதன் பிறகு ஆர்28, ஆர்29இல் இரண்டு எண்கள் ஏறி, அவுட் கட்டளையால் அடுக்குச் சுட்டிக்குப் போகும் (தற்காலிகத் தரவை அடுக்கும் ராம் பகுதியின் முகவரியை வைத்திருப்பது அது). 328பியில் அது 08எஃப்எஃப், அதாவது 2 கிலோபைட் ராமின் கடைசி முகவரி. ஏடிமெகா8 என்றால் 045எஃப், ஏடிடைனி85 என்றால் 025எஃப், ஏடிமெகா2560 என்றால் 21எஃப்எஃப். சிப்பின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்ட பெட்டிகளிலிருந்து ஹெக்ஸ் மட்டும் கிடைத்தால், சிப் எதுவென்று ஊகிக்க இந்த எண் உதவும். சற்றுக் கீழே வரும் கோல் கட்டளைதான் மெயினுக்குப் போகிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் கம்பைலர் சேர்த்தது, வாசிக்கத் தேவையில்லை.

மூன்றாவது பிடி, கால்கள். சிப்பின் கால்கள் போர்ட் பி, சி, டி என்ற குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 328பியில் போர்ட் பியின் வெளியீடு 05, திசை 04, உள்ளீடு 03. போர்ட் சிக்கு 08, 07, 06. போர்ட் டிக்கு 0பி, 0ஏ, 09. இவை எஸ்பிஐ, சிபிஐ, இன், அவுட் கட்டளைகள் பயன்படுத்தும் எண்கள். எல்டிஎஸ், எஸ்டிஎஸ் கட்டளைகளில் அதே ரெஜிஸ்டர்களுக்கு 20 கூட்டி வரும், போர்ட் பி 25 ஆகிவிடும்.

ரிலே டிரான்சிஸ்டர் 14ஆம் காலில் பூட்டியிருக்கிறது என்று வைப்போம். அது போர்ட் பியின் பூச்சியமாவது பிட். அப்படியானால் மோட்டர் ஓடத் தொடங்கும் இடம் எஸ்பிஐ 0எக்ஸ்05, 0 (பைட்கள் 28 9ஏ). நிற்கும் இடம் சிபிஐ 0எக்ஸ்05, 0 (28 98). க்ரெப் கட்டளையால் இந்த இரண்டையும் தேடினால் மோட்டரின் முழுக் கதையும் சில வரிகளில் அகப்படும். ஆர்டுயினோவின் டிஜிட்டல்ரைட்டில் எழுதியிருந்தால் எஸ்பிஐ கிடைக்காது. அது கால் எண்ணை அட்டவணையில் பார்த்துத்தான் எழுதும். அப்போது ஆர்24இல் 8 ஏறி அதன் பின் கோல் வரும் இடங்களைத் தேடுங்கள். 14ஆம் கால்தான் ஆர்டுயினோவின் 8ஆம் எண்.

காத்திருப்பு நேரத்தைக் கண்டுபிடித்தல்

குழாயில் தண்ணீர் ஓடினால் மூடிக்கொள்ளும் சுவிட்ச் ஒன்று 4ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருக்கிறது. 4ஆம் கால் போர்ட் டியின் 2ஆம் பிட். பட்டியலில் எஸ்பிஐ 0எக்ஸ்05, 0க்குக் கீழே மேலே பழகிய அதே காத்திருப்பு வளையம், இம்முறை 255, 167, 97 என்ற எண்களோடு. அதன் கீழே எஸ்பிஐஎஸ் 0எக்ஸ்09, 2. பிறகு ஓர் ஆர்ஜேஎம்பி. அதற்கும் கீழே சிபிஐ 0எக்ஸ்05, 0.

எஸ்பிஐஎஸ் என்றால் பிட் ஒன்றாக இருந்தால் அடுத்த கட்டளையைத் தாண்டு என்று பொருள். தண்ணீர் ஓடினால் சுவிட்ச் மூடி பிட் பூச்சியமாகும், தாண்டாது, ஆர்ஜேஎம்பி நடந்து மோட்டர் தொடர்ந்து ஓடும். தண்ணீர் இல்லையென்றால் பிட் ஒன்று, ஆர்ஜேஎம்பியைத் தாண்டி சிபிஐக்கு வந்து மோட்டர் நிற்கும். தாண்டும் கட்டளைகளைத் தலைகீழாக விளங்கிக்கொள்வது மிக எளிது. ஒவ்வொரு முறையும் "பிட் ஒன்று என்றால், பிட் பூச்சியம் என்றால்" என்று இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள்.

இனி நேரம். 97, 167, 255 சேர்ந்தால் 6399999. அது 32000000 துடிப்பு. பதினாறு மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்தால் இரண்டு செக்கன். ஆனால் எல்ஃபியூஸ் இ2 என்று வாசித்திருந்தால் சிப் தன் உள் கடிகாரத்தில் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஆகவே நான்கு செக்கன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 62 என்று இருந்தால் 1 மெகாஹெர்ட்ஸ், 32 செக்கன். ஃபியூஸ்களையும் வாசித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நான்கை எட்டாக்குதல்

எட்டு மெகாஹெர்ட்ஸில் எட்டு செக்கனுக்கு 64000000 துடிப்பு, அதாவது 12799999 சுற்று: 195, 79, 255. மாற வேண்டியவை இரண்டு எல்டிஐ. எல்டிஐயின் பதினாறு பிட்களில் முதல் நான்கு எப்போதும் இ, அடுத்த நான்கு எண்ணின் மேல் பாதி, அதற்கடுத்த நான்கு ரெஜிஸ்டர் (16ஐக் கழித்தது), கடைசி நான்கு எண்ணின் கீழ்ப் பாதி. 79 பதினறுமத்தில் 4எஃப், ஆகவே ஆர்24க்கு இ48எஃப். 195 என்பது சி3, ஆர்25க்கு இசி93. கோப்பில் 87 இஏ இருந்த இடத்தில் 8எஃப் இ4, 91 இ6 இருந்த இடத்தில் 93 இசி. இந்த நான்கு பைட்டும் ஒரே வரியில் இருந்தால் வரியின் கூட்டுத்தொகை 10 கூடுகிறது, ஆகவே சரிபார்ப்பு எண்ணில் 10 குறைக்க வேண்டும். தசமப் பத்து, பதினறும ஏ. இரண்டு வரிகளில் பிரிந்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். பிழைத்தால் ஏவிஆர்டியூட் கோப்பை ஏற்காது, அது நல்லதுதான்.

மாற்றிய கோப்பைத் திரும்ப டிஸ்அசெம்பிள் செய்து, டிஃப் கட்டளையால் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். கோப்புப் பெயர் வரும் தலைப்பைத் தவிர இரண்டே இரண்டு வரிகள் வேறுபட வேண்டும். மூன்றாவது வேறுபட்டால் எழுதாதீர்கள். எழுதுவது புதிய சிப் ஒன்றில், அதே ஃபியூஸ்களோடு, ஈப்ரொமையும் ஏற்றி. பழைய சிப் அப்படியே பத்திரமாக இருக்கட்டும்.

எழுதுமுன் இன்னொன்று: வோட்ச்டோக். நிரல் தொங்கிப்போனால் சிப்பைத் திரும்பத் தொடங்கவைக்கும் பகுதி இது, 328பியில் அதன் அதிகபட்ச நேரம் ஏறத்தாழ 8 செக்கன். பட்டியலில் டபிள்யூடிஆர் கட்டளையையும் 0எக்ஸ்0060 முகவரிக்கு எஸ்டிஎஸ் செய்யும் இடத்தையும் தேடுங்கள். இருந்தால், எட்டு செக்கன் வளையத்தின் நடுவே வோட்ச்டோக் கடித்துவிடும். சிப் ரீசெட்டாகி மோட்டரைத் திரும்பத் திரும்பப் போட்டு நிறுத்தும். அப்படியானால் ஆறு செக்கனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரத்தை மனம்போல நீட்டுவதும் கூடாது. வறண்டு ஓடும் பம்பின் சீல் சூடேறிக் கருகும், அந்தப் பாதுகாப்புக்காகத்தான் பெட்டியே இருக்கிறது.

டிஸ்அசெம்ப்ளர் ஏமாறும் இடங்கள்

ஃபிளாஷில் கட்டளை மட்டும் இருப்பதில்லை. எல்சிடியில் காட்டும் சொற்கள், அட்டவணைகள் எல்லாம் அங்கேதான். பேரெழுத்து டி அவற்றையும் கட்டளையாக எண்ணிப் பிரிக்கும். பொருளில்லாத கட்டளைகள் வரிசையாக வந்தால், எங்கிருந்தும் தாவி வராத பகுதியாக இருந்தால், அது தரவு. சின்ன எஸ் கொடுத்தால் ஒப்ஜ்டம்ப் பைட்களையும் பக்கத்தில் எழுத்துகளையும் காட்டும். சொற்கள் அங்கே கண்ணில் படும். அட்டவணையை யார் வாசிக்கிறார் என்று பார்க்க எல்பிஎம் கட்டளையைத் தேடுங்கள்.

தரவுக்குப் பின்னால் நான்கு பைட் கட்டளையின் நடுவிலிருந்து பிரிக்கத் தொடங்கினால் அடுத்த ஓரிரு வரிகள் பிழையாக வரும். தாவல் ஒன்று வந்து சேரும் முகவரியை --ஸ்டார்ட்-அட்ரஸ் என்று கொடுத்து அங்கிருந்து பிரிக்கச் சொன்னால் நேராகும். .வேர்ட் 0எக்ஸ்எஃப்எஃப்எஃப்எஃப் என்று பக்கம் பக்கமாக வந்தால் அது வெற்றிடம். அதைத் தாண்டி 7இ00இல் திரும்பக் குறியீடு தொடங்கினால் அது ஆர்டுயினோ ஊனோவின் பூட்லோடர், அதாவது யூஎஸ்பி வழியாக நிரலை ஏற்ற உதவும் சின்ன நிரல். ஆர்கோல் .+0 என்று அடுத்த வரியையே அழைப்பது போன்ற கட்டளையைக் கண்டு மலைக்காதீர்கள். அடுக்கில் இரண்டு பைட் இடம் ஒதுக்கக் கம்பைலர் கையாளும் சுருக்கவழி அது.

வேறு சிப்கள்

பிக் சிப்களுக்கு ஜிபியூட்டில்ஸ் பொதியிலுள்ள ஜிபிடாஸ்ம், -பி16எஃப்877ஏ என்பதுபோல சிப்பின் பெயரோடு. 16எஃப் வரிசையில் ஹெக்ஸ் கோப்பின் முகவரி சிப்பின் முகவரியைப்போல் இரண்டு மடங்கு. அதனால் 2007 என்ற முகவரியில் உள்ள உள்ளமைவுச் சொல் (ஏவிஆரின் ஃபியூஸ் போன்றது) கோப்பில் 400இ என்று தெரியும்.

எஸ்டிஎம்32க்கு ஏஆர்எம்-நன்-ஈஏபிஐ-ஒப்ஜ்டம்ப். பைனரிக் கோப்பென்றால் -பி பைனரி -எம் ஏஆர்எம் என்றும் (இங்கே -பி, 'பைனரி' என்பதன் முதலெழுத்து), பேரெழுத்து எம்மில் ஃபோர்ஸ்-தம்ப் என்றும் கொடுக்க வேண்டும். கடைசியை விட்டால் வருவதெல்லாம் குப்பை, ஏனென்றால் அந்தச் சிப்கள் தம்ப் என்ற ஏஆர்எம் கட்டளைத் தொகுதியை மட்டுமே ஓட்டும். கோப்பு சரியா என்று முதல் எட்டு பைட்டிலேயே தெரிந்துவிடும். முதல் நான்கைப் பின்னது முன்னாக வாசித்தால் 2000 என்று தொடங்கும் ராம் முகவரி, அடுத்த நான்கை வாசித்தால் ஓர் ஒற்றை எண். அந்த ஒற்றை எண்ணில் ஒன்றைக் கழித்த இடத்தில்தான் நிரல் தொடங்குகிறது.